கோவில்பிள்ளை மகள்

1

இங்கே எல்லோரும் என்னை மிஸஸ் பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். பால்காரர், தபால்காரர், என் மகளின் வாத்தியாரம்மா, நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவர் எல்லோருக்கும் நான் பிள்ளை. அது என் புருஷன் பெயர் இல்லை. என் தகப்பன் பெயர் இல்லை. என் சாதியும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தி எடுத்த பாஸ்போர்ட்டில் அப்படி ஏறிவிட்டது, அதையே இங்கே எல்லா ஆபீசிலும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்து ஒட்டியது என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை வரைக்கும் அப்படித் தோன்றியதில்லை. இப்போது எழுதித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, ஆலைப் புகை படிந்து கறுத்துப்போன ஒரு நகரம். என் வீட்டுக்காரர் பி.ஏ. படித்துவிட்டு இங்கே பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறார். நான் நூலகத்தில் திரும்பி வருகிற புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிறேன். மகள் ரோஸ்லினுக்கு ஏழு வயது. தமிழ் புரியும். பேசச் சொன்னால், "அம்மா, எனக்குப் பசிக்கிறான்" என்பாள். பசியை ஆம்பளையாக்கிவிட்டாள். திருத்தப் போனால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இங்கிலீஷுக்குப் போய்விடுகிறாள். அப்புறம் அன்று முழுக்கத் தமிழ் வராது.

சனிக்கிழமை வந்தவர் ராஜேந்திரன் என்று ஒரு தம்பி. தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் மேல்படிப்பு. அங்கே வெளிநாட்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காக்காரர், மேற்கிந்தியத் தீவுக்காரர், நம்மவர், பாகிஸ்தான்காரர் எல்லாரும் உண்டு. அதற்கு இவர் செயலாளர். கையில் ஒரு மனு. இந்த ஊரில் வாடகை அறை கிடைக்கிற வீடுகளின் சன்னலில், கறுப்பர்களுக்கு இடமில்லை என்று கூச்சமில்லாமல் அட்டை தொங்குகிறது. அப்படிப்பட்ட வீடுகளையும் பல்கலைக்கழகம் தன் பட்டியலில் வைத்துக்கொண்டு மாணவர்களை அனுப்புகிறது. அந்த வீடுகளை நீக்கு என்று கேட்கிறார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று வீடு தேடி வந்திருந்தார்.

"நாலு தெரு அலைஞ்சேங்க்கா. போன்ல பேசுறப்ப வாங்க வாங்கங்கறா. கதவத் தொறந்து மூஞ்சியப் பாத்ததும் இப்பத்தான் அறை போயிருச்சுங்கறா. மனுசன மனுசனா மதிக்கத் தெரியாத ஜனங்க!" என்று பொரிந்து தள்ளினார்.

எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. நாங்களும் அப்படி அலைந்தவர்கள்தானே. ஊரிலிருந்து வந்த காப்பித்தூளில் கெட்டியாக டிக்காஷன் இறக்கி, நுரை பொங்க ஒரு கோப்பை கொடுத்தேன். ஆசையாக உறிஞ்சிக் குடித்தார். பாதி குடித்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்:

"பிள்ளைன்னு பேரு இருக்கே, நீங்க எந்தப் பக்கத்துப் பிள்ளைமார்க்கா? எங்க அம்மா வழியும் பிள்ளைமார்தான்."

மனுவில் கையெழுத்துப் போட எடுத்த பேனா என் கையில் அப்படியே நின்றது.

2

நான் புதுக்கோட்டைக்காரி. சமஸ்தானம் போய், ஊரைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த சில வருஷத்துக்குப் பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் ஊர் ஒரு சின்னப் பட்டி. ஆவூர் வேதக் கோவில் தேருக்கு விடியக்காலம் நடந்தே போய்விடுவோம், அவ்வளவு பக்கம். எங்கள் பாட்டன் காலத்திலேயே கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்கள். வேதத்துக்கு வந்தோமே தவிர தெரு மாறவில்லை. ஊருக்கு வெளியே எங்கள் தெரு. அங்கே எங்களுக்கென்று ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கோவில். அந்தக் கோவிலுக்கு மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, சாயங்காலம் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பது, சாவு விழுந்தால் துக்கமணி அடிப்பது எல்லாம் என் அய்யா. இந்த வேலைக்குப் பெயர் கோவில்பிள்ளை. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "கோவில்பிள்ளை இருக்காரா?" "கோவில்பிள்ளை மகளே, இங்கிட்டு வா." இப்படித்தான். பெற்ற தகப்பன் பெயரை வாயால் சொல்வது மரியாதை இல்லை என்று ஆத்தா சொல்லி வளர்த்தாள். அதனால் நானும் சொன்னதில்லை.

சுற்றுப்பட்டி வேதக்காரர் எல்லாரும் சேர்ந்தது ஒரு பங்கு; அந்தப் பங்கின் பெரிய கோவில் ஊருக்குள்ளே இருந்தது. எந்த ஊர், எந்தச் சாமியார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே நடுவில் மரக் கிராதி. பிள்ளைமார் கிராதிக்கு அந்தப் பக்கம் பீடத்துக்கு எதிரே. நாங்கள் ஓரச் சிறகில், தனி வாசல் வழியாக. நற்கருணை அவர்கள் வாங்கி முடித்த பிறகுதான் எங்களுக்கு. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் ஒரு மதில். செத்த பிறகு யார் யாரைத் தொட்டுவிடப் போகிறார்கள்? சின்ன வயதில் அய்யாவிடம் இதைக் கேட்டேன். "ஒனக்கு வாய் ரொம்ப நீளம்" என்றார்.

3

நான் சேர்ந்த கல்லூரி ஒரு செட்டியார் தம் தகப்பனார் நினைவாக நடத்தியது. பெயர் எதற்கு? டவுனில் கன்னியாஸ்திரிகள் மடத்தில் தங்கி, சமையல்கட்டில் ஒத்தாசை செய்துகொண்டு படிக்க ஏற்பாடாகி இருந்தது. சேர்க்கிற அன்று குமாஸ்தா கேட்டார்.

"பேரு?"

"அமலோற்பவங்க."

"அப்பா?"

"கோவில்பிள்ளைங்க."

அதுவரை நிற்க வைத்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, உக்காரும்மா, ஏன் நிக்கிறே?" என்றார். ஆபீஸ் நாற்காலியில் அன்றுதான் முதல் தடவை உட்கார்ந்தேன். படிக்க வருகிற பெண்களுக்கு இந்த ஊரில் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி! அவர் என் தகப்பன் பெயர் கோவில் பிள்ளை என்றும், சாதி பிள்ளை என்றும் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தார். என் பெயர் அமலோற்பவம் கே. பிள்ளை ஆயிற்று.

அப்போதெல்லாம் கல்லூரிக்குக் கட்டுகிற பணத்தையும் சம்பளம் என்றுதான் சொல்வோம். எங்களைப் போல வேதத்துக்கு வந்த தாழ்ந்த சாதிக்காரர்களுக்கு, இந்துவாக இருக்கிற எங்கள் பங்காளிகளுக்குக் கிடைத்த உதவிப்பணம் கிடையாது. சாமி மாறியதும் ஏழ்மையும் மாறிவிட்டது என்று சர்க்கார் எண்ணம். ஆனால் சம்பளத்தில் ஒரு சலுகை மட்டும் இருந்தது. அந்தச் சலுகையை நம்பித்தான் அய்யா என்னை அனுப்பினார். அறிவிப்புப் பலகையில் பார்த்தால் என் பெயருக்கு எதிரே முழுச் சம்பளம். கெடுவுக்குள் கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஓடினேன் குமாஸ்தாவிடம்.

"பிள்ளைமாருக்கு ஏதும்மா சலுகை?"

"ஐயா, கோவில்பிள்ளைன்னா சாதி இல்லீங்க. வேலைங்க. வேதக் கோவில்ல மணி அடிக்கிற வேலை."

"வேதக்காரங்கள்லயும் பிள்ளைமார் இருக்காங்களே. நம்ம ஞானப்பிரகாசம் தம்பி யாராம்? வேதக்காரர்தான், பிள்ளைதான். அவர் சம்பளம் கட்டலையா? நீ மட்டும் எப்படி இல்லேங்கிறே?"

"சேசு மரி சூசையே, சத்தியமா நாங்க பிள்ளைமார் இல்லீங்க!"

ஆபீசில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் பிள்ளை இல்லை என்று சத்தியம் செய்கிறவளை அவர்கள் அதற்கு முன்பு பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வேதத்திலேயே தெரிந்தவர் யாராவது வந்து இவள் இன்னார் என்று சொல்லட்டும், திருத்தித் தருகிறோம் என்றார் குமாஸ்தா.

அய்யா பங்குச் சாமியாரிடம் போனார். தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "தோத்திரம் சாமி, எம்மவ இன்ன சாதின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். சாமியார் சொன்ன பதிலை அய்யா என்னிடம் அப்படியே ஒப்பித்தார். "சர்வேசுரனுக்கு முன்னால சாதி இல்லப்பா. அப்படியெல்லாம் நான் எழுதப்படாது." எப்படி இருக்கிறது? கிராதி போட சாதி இருந்தது. மதில் கட்ட சாதி இருந்தது. ஒரு ஏழைப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதக் கேட்டால் சாதி மாயமாய்ப் போய்விட்டது! இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

4

கல்லூரியில் சிறுபான்மை மாணவர் சங்கம் என்று ஒன்று இருந்தது. கிறிஸ்தவப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் சேர்ந்து வைத்தது. பெண்கள் என்று நானும் இன்னொருத்தியும்தான். அந்தச் சங்கத்தைச் சும்மா குறை சொல்ல மாட்டேன். நல்ல காரியம் செய்திருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று பரீட்சை வைத்தார்கள், சங்கம் போய் நின்று மாற்ற வைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகைக்கு முஸ்லிம் பிள்ளைகளை விடாமல் வைத்திருந்தார்கள், சங்கம் போய்ப் பேசி விட வைத்தது. எங்களை யார் அடக்கினாலும் கேட்க ஆள் இருக்கிறது என்று எனக்கு ஒரு தைரியம்.

தலைவர் அந்த ஞானப்பிரகாசம். எங்கள் பங்குதான். கிராதிக்கு அந்தப் பக்கம் முதல் வரிசைக் குடும்பம். செயலாளர் காசிம், கோட்டைப்பட்டினத்துக்காரர், வீட்டில் மீன்பிடி வள்ளங்கள் உண்டு. நாங்கள் ஒரு வகுப்பறையில் கூடினோம். நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைவரையும் செயலாளரையும் பிரின்சிபாலிடம் வந்து நான் இன்னார் என்று சொல்லும்படி கேட்டேன்.

ஞானப்பிரகாசம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாமெல்லாம் சிறுபான்மை. ஒரே குடும்பம். இதுக்குள்ள சாதிப் பேச்சு எடுத்தா நம்மள நாமே ஒடைச்ச மாதிரி. சங்கம் இதுல தலையிடாது."

கூட்டம் கலைகிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பிள்ளைன்னு எழுதிட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு? ஒசத்தியாத்தானே போட்டிருக்கான். கம்முன்னு இருந்துக்க."

"அந்த ஒசத்தி என் சம்பளத்தக் கட்டுமாண்ணே?" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதைக் காசிம் கேட்டுக்கொண்டு நின்றார். "நான் வாரேன் தங்கச்சி" என்றார். "ஆனா ஒங்க கோவில்ல யார் எங்கிட்டு ஒக்காருவாங்கன்னு பள்ளிவாசலுக்குப் போற நான் எப்படிச் சாட்சி சொல்றது? தலைவர்தான் வரணும். ஏங்க தலைவரே, தொழுகைக்கு விடலேன்னப்ப எங்களுக்காக நீங்க வந்து பேசலையா? அப்ப வந்த வாய்க்கு இப்ப என்ன ஆச்சு, கொழுக்கட்டையா? நீங்க வரலேன்னா இந்தச் சங்கத்துக் காகிதம் எதுலயும் இனிமே என் கையெழுத்து விழாது."

முஸ்லிம் பையன்கள் அத்தனை பேரும் காசிம் பின்னால் போய் நின்றார்கள். சங்கம் பாதியாகிவிடும் என்று பயந்துதான் ஞானப்பிரகாசம் வந்தார். எனக்காக வரவில்லை.

பிரின்சிபால் எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். விஷயத்தைக் காசிம் சொன்னார்.

"என்ன மிஸ்டர் பிரகாசம், இந்தப் பெண் உங்க ஊர்தானே?"

"எங்க பங்கு சார். கிறிஸ்தவப் பொண்ணு."

"அது தெரியுது. பிள்ளையா, இல்லையா? அதச் சொல்லும்."

ஞானப்பிரகாசம் தரையைப் பார்த்தார். "நாங்க அப்படிப் பிரிச்சுப் பாக்கறதில்ல சார்."

கேட்டீர்களா? பிரித்துப் பார்ப்பதில்லையாம்! பிறந்ததிலிருந்து நான் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்று காட்டியவர்கள்! பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்க்கிறார். இப்போது வெளியே போ என்றால் என் படிப்பு முடிந்தது, நாற்று நடத்தான் போக வேண்டும். அறை மூலையில் ஒரு மண்பானையும் மேலே ஒரு பித்தளைத் தம்ளரும் இருந்தன. யாரையும் கேட்காமல் போய்த் தண்ணீரை மொண்டேன். கொண்டுவந்து ஞானப்பிரகாசத்திடம் நீட்டினேன்.

"அண்ணே, இதக் குடிங்க. என் கையால வாங்கி, இங்கேயே, சார் முன்னால குடிங்க. குடிச்சா நான் பிள்ளைன்னு ஒத்துக்கறேன். எப்பாடு பட்டாவது முழுச் சம்பளம் கட்டறேன். குடிக்கலேன்னா நான் யாருன்னு நீங்களே சாருக்குச் சொல்லுங்க."

ஞானப்பிரகாசம் தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கை கொஞ்சம் மேலே வந்தது. குடித்துவிடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது. குடித்திருந்தால் நான் தொலைந்தேன். கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"எனக்குத் தாகம் இல்ல" என்றார்.

பிரின்சிபால் பேனாவைத் திறந்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. ஒரு சீட்டில் நாலு வரி எழுதி, குமாஸ்தாவிடம் கொடு, சலுகை தருவார் என்று என் கையில் கொடுத்தார். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். காசிம், "இங்கிட்டுக் குடுங்க தங்கச்சி, எனக்குத் தாகமா இருக்கு" என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். மறுநாள் அந்தப் பானை மேல் வேறு தம்ளர் இருந்தது என்பதையும் அவர்தான் பிற்பாடு சொன்னார்.

மடத்துக்குத் திரும்பி, கிணற்றடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஜெயித்துவிட்டேன், சந்தேகமில்லை. ஆனால் எதை நிரூபித்து ஜெயித்தேன்? என் கைத்தண்ணீரை ஒருத்தர் குடிக்க மாட்டார் என்பதை நானே முச்சந்தியில் வைத்து நிரூபித்தேன். அந்த வேலையை எனக்கு வைத்தது என் சொந்தச் சங்கம். அதை நினைத்துத்தான் அழுதேன்.

5

சலுகை கிடைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை. அதையும் திருத்துங்கள் என்று கேட்டதற்குக் குமாஸ்தா, "பேர மாத்தணும்னா கெஜட்ல போடணும்மா. சலுகைதான் வந்துருச்சே, பேரு கெடந்துட்டுப் போகுது" என்றார். கிடந்துவிட்டது. பரீட்சைச் சர்ட்டிபிகேட்டில் பிள்ளை, அதைப் பார்த்து எழுதிய பாஸ்போர்ட்டில் பிள்ளை, கப்பல் டிக்கெட்டில் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் என் மகளையும் பிள்ளையின் மகள் என்கிறார்கள். கொள்ளுப்பாட்டன் காலத்திலிருந்து யார் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதோ, அவர்கள் பட்டத்தைச் சுமந்துகொண்டு நான் சீமையில் குளிரில் நடக்கிறேன். ஞானப்பிரகாசம் இப்போது மதராஸில் பெரிய உத்தியோகமாம். சிறுபான்மையினர் உரிமையைப் பற்றி மேடையில் நன்றாகப் பேசுகிறார் என்று கேள்வி.

இதையெல்லாம்தான் சனிக்கிழமை ராஜேந்திரனிடம் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் தலையை ஆட்டிக் கேட்டார். கிராதி வந்த இடத்தில் தலை நின்றுவிட்டது. கையில் இருந்த கோப்பையைக் கதை நடுவிலேயே மேசையில் வைத்தார். தண்ணீர் மொண்ட இடத்தில் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அதெல்லாம் இந்தக் காலத்துல யாருக்கா பாக்கறாங்க" என்றார் முடிவில். "நாமெல்லாம் இங்க ஒண்ணுதானே. வெள்ளக்காரன் கண்ணுக்கு எல்லாரும் கறுப்புத்தானே."

ஒன்றுதான். வெள்ளைக்காரி கதவைச் சாத்தும்போது ஒன்றுதான். நான் பேனாவை எடுத்து மனுவில் கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருப்பேனா? அந்தக் கதவு என் முகத்திலும் அறைந்த கதவு. மனதார அவருக்கு அறை கிடைக்க வேண்டும் என்றுதான் போட்டேன். இங்கிலீஷில் பாஸ்போர்ட் பெயரை எழுதி, கீழே தமிழில் கோவில்பிள்ளை மகள் அமலோற்பவம் என்று எழுதினேன்.

"காப்பி ஆறிப்போச்சு தம்பி. சூடா வேற போட்டுத் தரட்டுமா?"

"வேணாங்க்கா. வயிறு ஒரு மாதிரியா இருக்கு." எழுந்துவிட்டார்.

ரோஸ்லின் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா, மாமாவுக்கு வயிறு வலிக்கிறாளா?" என்று கேட்டாள். நான் அவளைத் திருத்தவில்லை. மேசை மேல் பாதிக் கோப்பையில் ஆடை கட்டிக்கொண்டிருந்த காப்பியைப் பார்த்தேன். ஊரில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்திருந்த கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

"மீதியக் குடிக்க வேணாம், சரி" என்றேன். "பாதி உள்ள போயிருச்சே தம்பி. அத என்ன செய்யப் போறீங்க?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். என் கையெழுத்து விழுந்த மனுவை மட்டும் மறக்காமல் பத்திரமாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.